கடலோர வீட்டு மாடியில் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர்: பழைய கீசர் பிளக்கிலேயே சொருகலாமா?

கேள்வி இது: கீழக்கரையில், கடலுக்குப் பக்கத்தில் வீடு. வயதான வாப்பா, உம்மா உட்பட எட்டுப் பேர். துபாயிலிருந்து வந்த மச்சான் சொன்னதைக் கேட்டு மொட்டை மாடியில் 200 லிட்டர் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் வைக்கப் போகிறார்கள். எலக்ட்ரீஷியன், "கீசருக்குப் போட்ட 16 ஆம்பியர் பிளக் இருக்கு காக்கா (அண்ணே), அதுலயே சொருகிக்கலாம். கடல் மண்ணு வேற, எர்த்தும் சூப்பரா இருக்கும்" என்கிறாராம். நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம்ப வேண்டாம். பிளக் விஷயமும் தப்பு, எர்த் விஷயம் அதைவிடத் தப்பு. மண்டபத்திலிருந்து ஏர்வாடி வரை வீட்டு வயரிங்கும் ஏசி லைனும் இழுத்துப் பிழைப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மெஷினைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. ஏசி வீட்டுக்குள் இருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிறது, இது வெளிக்காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது, அவ்வளவுதான். 28 டிகிரியில் இருக்கும் 200 லிட்டர் தண்ணீரை 55 டிகிரிக்குக் கொண்டுவர சாதாரண கீசருக்கு 6 யூனிட்டுக்கு மேல் வேண்டும். நம் ஊர் வெக்கைக்கு ஹீட் பம்ப் அதை ஏறக்குறைய 2 யூனிட்டில் முடித்துவிடும். எட்டுப் பேர் வீட்டுக்கும், ராமேஸ்வரத்து லாட்ஜ்களுக்கும் பொருத்தமான சாமான். இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீடு என்றால் சின்ன கீசரே போதும் என்றிருப்பேன்.

இனி பிளக்குக்கு வருவோம். "2 யூனிட்தானே, அப்புறம் எதற்குத் தனி லைன்" என்று கேட்பார்கள். பல மாடல்களில் டேங்குக்குள் ஒரு பேக்அப் ஹீட்டரும் உண்டு. கம்ப்ரஸர் 700 வாட், பேக்அப் 2000 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து ஓடினால் 230 வோல்ட்டில் சுமார் 12 ஆம்பியர். மெஷின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் பெயர்ப் பலகையில் "அதிகபட்ச கரன்ட்" என்று ஓர் எண் இருக்கும். லைனை அந்த எண்ணுக்குத்தான் போட வேண்டும். அதற்கு மேலே கொட்டை எழுத்தில் இருக்கும் சாதாரண வாட் கணக்கைப் பார்த்து ஏமாறக் கூடாது.

பிளக் 16 ஆம்பியர், லோடு 12 ஆம்பியர், தாங்காதா என்றால், புதுப் பிளக் தாங்கும். ஆனால் கீசர் அரை மணி நேரம் ஓடி நின்றுவிடும். இது மணிக்கணக்கில் ஓடும். கடல் காற்றில் பித்தளைப் பின்னும் சாக்கெட்டுக்குள் இருக்கும் பிடியும் சீக்கிரம் கறுத்துப்போகும். அந்த இடத்தில் 0.2 ஓம் தடை ஏறினால் போதும், 12 ஆம்பியருக்கு அங்கே 29 வாட் சூடு பிறக்கிறது. 25 வாட் சால்டரிங் அயர்ன் ஒன்றை சாக்கெட்டுக்குள் நட்டுவைத்து மணிக்கணக்கில் விட்டமாதிரி. முதலில் பிளக் பழுப்பாகும், பிறகு இளகும், அப்புறம் மீன் கருகின மாதிரி ஒரு வாடை வரும். எம்சிபி (கரன்ட் அளவுக்கு மேல் போனால் தானாக அணையும் சுவிட்ச்) இதற்கெல்லாம் விழாது, ஏனென்றால் கரன்ட் கூடவில்லை, 12-லேயேதான் நிற்கிறது.

அதனால் டிபியிலிருந்து (எம்சிபிகள் இருக்கும் வீட்டு மெயின் போர்டு) மாடிக்கு நேராக ஒரு தனி லைன் போடுங்கள். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் அதே அளவில், நடுவில் ஒரு ஜாயின்ட்கூட இல்லாமல். கணக்குப்படி 2.5-ம் தாங்கும். ஆனாலும் மாடி வெயிலில் பைப்புக்குள் வேகும் வயர் என்பதால் நான் 4-தான் போடுவேன். சி வகை 20 ஆம்பியர் டபுள் போல் (பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும்) எம்சிபி. மெஷின் பக்கத்தில் பிளக், சாக்கெட் எதுவும் வேண்டாம், ஐசொலேட்டர் என்கிற துண்டிப்பு சுவிட்சிலிருந்து நேரே டெர்மினலுக்குப் போகட்டும்.

இப்போது எர்த். கடலோரத்தில் நல்லவர்களே ஏமாறும் இடம் இதுதான். ஈர உப்பு மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், உண்மை. மேலே கிடக்கும் காய்ந்த மணல் கடத்தாது. சித்திரை, வைகாசியில் மேல்மண் வறண்டு கிடக்கும்போது குழாயின் அடிப்பகுதி மட்டும்தான் வேலை செய்யும். அந்த அடிப்பகுதியைத்தான் உப்புத்தண்ணீர் முதலில் தின்னும். ஜிஐ பைப்பின் துத்தநாகப் பூச்சு போனதும் இரும்பு செதில் செதிலாக உரிய ஆரம்பிக்கும். பழைய வீடுகளில் எர்த் குழியின் மூடியைத் தூக்கிப் பாருங்கள்: கிளாம்ப் இருக்கும், போல்ட் தலை இருக்கும், செம்பு வயரும் அதில் சுற்றித்தான் இருக்கும். விரலால் தட்டினால் வயர் தனியாகக் கையோடு வரும். செம்பும் ஜிஐயும் நேரடியாகத் தொட்டுக்கொண்டு உப்பு ஈரத்தில் நின்றால் இரண்டில் ஒன்று அரிக்கப்படத்தான் செய்யும், போவது ஜிஐ.

நம் பக்கத்தில் எர்த்தைச் சோதிக்கும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் பிடிப்பார்கள். பளிச்சென்று எரிந்தால் "எர்த் சூப்பர்". அந்த பல்பின் தடையே 500 ஓமுக்கு மேல். உங்கள் எர்த் 50 ஓம் என்று படுமோசமாக இருந்தாலும் பல்புக்கு 210 வோல்ட் கிடைத்துவிடும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. இந்தச் சோதனை எர்த் வயர் அறுந்திருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் சொல்லும். எர்த் மெக்கர் வைத்து ஓம் கணக்கில் அளந்தால்தான் அது சோதனை.

சரி, எர்த் நன்றாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் குழி 8 ஓம், டிரான்ஸ்பார்மர் பக்கம் 2 ஓம், மொத்தம் 10. பேக்அப் ஹீட்டர் ஓட்டையாகி பேஸ் நேரே டேங்க் பாடியைத் தொட்டுவிட்டது. ஓடுவது 23 ஆம்பியர். சி வகை 20 ஆம்பியர் எம்சிபி உடனே விழ வேண்டுமென்றால் 100 முதல் 200 ஆம்பியர் வரை வேண்டும். 23-க்கு விழ ரொம்ப நேரம் ஆகும், விழாமலே நின்றாலும் நிற்கும். அதுவரை உங்கள் எர்த் குழியின் மேல் 23 பெருக்கல் 8, அதாவது 184 வோல்ட் இருக்கும். டேங்க் பாடியிலும், அதே எர்த்தில் சேர்ந்திருக்கும் வீட்டின் எல்லா இரும்புச் சாமானிலும் அந்த வோல்ட்தான். உப்புக் கலந்த போர் தண்ணீர் வேறு, ஈரத் தரையில் நின்று குழாயைத் திறக்கிற ஆள் வேறு.

ஆர்சிசிபி (கசிவைக் கண்டு அணையும் சுவிட்ச்) கட்டாயம் என்று சண்டை போடுவது இதனால்தான். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண் சிமிட்டும் நேரத்தில் துண்டிக்கும். எம்சிபி வயரைக் காப்பாற்றும், ஆர்சிசிபி ஆளைக் காப்பாற்றும், ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. வாங்கும்போது 'ஏ' வகை என்று கேட்டு வாங்குங்கள். இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் உள்ள மெஷின்களில் கசிவு சுத்தமான ஏசியாக வராது, சாதாரண 'ஏசி' வகை ஆர்சிசிபி அதைச் சரியாக உணராமல் போகலாம். வீட்டுக்கெல்லாம் பொதுவாக ஒன்று இருந்தாலும் ஹீட் பம்புக்கு, அதன் வழியாகப் போகாமல், தனியாக ஒன்று போடுங்கள். இல்லையென்றால் மாடியில் ஒரு பல்லி போர்டுக்குள் புகுந்ததற்கு வீடே இருட்டாகும்.

அப்புறம் ஒரு நாள் அது அதிகாலையில் விழும். பனி ஈரம் டெர்மினல் பெட்டிக்குள் இறங்கியிருக்கும், அல்லது ஹீட்டரின் கம்பிச்சுருள் (காயில்) ஈரம் குடித்திருக்கும். அதைத் தேடாமல் "இது சும்மா சும்மா விழுது" என்று ஆர்சிசிபியையே கழற்றி நேராக்கிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி யாராவது கை வைத்தால் கூலியைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். பேஸ், நியூட்ரல் வயர்களுக்கும் எர்த்துக்கும் நடுவே 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) போட்டு அளக்கச் சொன்னால் (மெஷினின் எலக்ட்ரானிக் போர்டைக் கழற்றிவிட்டுத்தான்), ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டும் இடத்தில் ஆள் பிடிபடுவான். சாக்கெட்டில் எர்த்துக்குப் பதிலாக நியூட்ரலைக் கிள்ளிக் கொடுப்பதும் இதே ரகம். நியூட்ரல் அறுந்த நிமிஷத்தில் மெஷின் பாடி முழுக்க பேஸ் வந்து நிற்கும்.

புது எர்த் போடுவதாக இருந்தால் கரியும் உப்பும் கொட்டும் பழைய முறை நமக்கு வேண்டாம், கடல் ஏற்கெனவே வேண்டிய அளவு உப்பு போட்டிருக்கிறது. செம்புப் பூச்சுள்ள கம்பி, சுற்றிலும் பென்டோனைட் களிமண், குறைந்தது 3 மீட்டர் இடைவெளியில் இரண்டு குழி, இரண்டையும் இணைத்துவிடுங்கள். கிளாம்ப் கண்ணுக்குத் தெரியும்படி மூடியோடு கூடிய தொட்டி கட்டுங்கள். டைல்ஸ் போடுகிறவர் அழகுக்காக அதை மூடிவிடுவார், பக்கத்திலேயே நின்று தடுங்கள்.

மாடி முனைக்கு வருவோம். மெஷினைப் பார்த்தபடி, கைக்கெட்டும் தூரத்தில், தூசியும் தண்ணீரும் புகாத ஐபி 65 தரப் பெட்டிக்குள் ஒரு டபுள் போல் ஐசொலேட்டர். சர்வீஸுக்கு வரும் தம்பி கீழே யாரோ எம்சிபியைப் போட்டுவிடுவார்களோ என்று பயந்துகொண்டே வேலை பார்க்கக் கூடாது. பெட்டி பிளாஸ்டிக்காக இருக்கட்டும், தகரப் பெட்டி இரண்டு மழைக்குத் தாங்காது. கேபிள் எப்போதும் அடியிலிருந்து, கிளாண்டு (கேபிளை இறுக்கிப் பிடிக்கும் வாய்) வழியாக, நுழைவதற்கு முன் கீழே ஒரு வளைவு விட்டு நுழைய வேண்டும். வளைவில் தண்ணீர் சொட்டிப்போகும், உள்ளே ஏறாது. வயர் முனையைச் சீவி அப்படியே திருகில் சுற்றினால் ஆறு மாதத்தில் களிம்பு ஏறிப் பச்சையாகும். ஈயம் பூசிய லக் (வயர் முனையில் மாட்டும் உலோகக் காது) வைத்து, கிரிம்ப் அடித்து நசுக்கிப் பிறகு முறுக்கட்டும். பழைய வயர் என்றால் உறையைச் சீவிப் பாருங்கள், உள்ளே செம்பு கறுப்பாக இருந்தால் உப்பு உள்ளுக்குள் ஏறிவிட்டது. பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டியெறிய வேண்டும்.

இடம் பார்க்கும்போது காற்றைப் பாருங்கள். கீழக்கரை தென்கடல் ஓரம், தென்மேற்குக் கச்சான் காற்று மாதக்கணக்கில் உப்பை அள்ளி வீசும். படிக்கட்டு அறையின் மறைவில், கடலுக்கு முதுகு காட்டி வையுங்கள். தேவிபட்டினம், தொண்டி பக்கத்து வடகடல் வீடுகளுக்கு வாடையும் (வடகாற்று) கொண்டலும்தான் (கீழ்காற்று) எதிரி, அங்கே கணக்கு மாறும். தண்ணீர் நிறைந்த டேங்க் 250 கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதால் பீம் மேல் நிற்கட்டும், புயல் காற்றுக்குப் பெயர்ந்து போகாதபடி 316 ரக எவர்சில்வர் போல்ட்டால் பிடியுங்கள். 2025-ல் திறந்த புதுப் பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் விசேஷ பெயின்டும் தேவைப்பட்டன. நம் வீட்டுப் போல்ட்டுக்கு நூறு, இருநூறு ரூபாய் கூடக் கொடுப்பதில் கணக்குப் பார்க்க வேண்டாம்.

மாதம் ஒருமுறை, ஐசொலேட்டரை அணைத்துவிட்டு, ஃபின்னை (காற்று புகும் பக்கத்து மெல்லிய தகடுகள்) நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். போர் தண்ணீரால் கழுவினால் உப்பைக் கழுவி உப்பைப் பூசுவதுதான். மூடியைத் திறக்கும் வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள். அணைத்த பிறகும் உள்ளே கெபாசிட்டரில் சார்ஜ் தங்கியிருக்கும், சில நிமிடம் கழித்துத்தான் அவரும் கை வைப்பார். டேங்குக்குள் இருக்கும் மக்னீசியம் கம்பியை வருடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். நம் தண்ணீருக்கு அது வேகமாகக் கரையும், அது தீர்ந்தால் டேங்கும் ஹீட்டர் காயிலும் அரிபட ஆரம்பிக்கும், ஆர்சிசிபி விழும் கதை அங்கிருந்தும் தொடங்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று. உங்களுக்கு மூன்று பேஸ் சப்ளை என்றால், போஸ்ட்டில் நியூட்ரல் இணைப்பு உப்பில் அரித்து விட்டுப்போகும்போது 230 வோல்ட்டில் ஓடும் சாமான்களுக்கு 400 வோல்ட் வரைக்கும் ஏறலாம். டிவி, ஃபிரிட்ஜ், ஹீட் பம்ப் போர்டு எல்லாம் ஒரே வரிசையில் போகும். வோல்ட் கூடினாலும் குறைந்தாலும் வெட்டிவிடும் ஒரு கருவியும், இடி மின்னலுக்கு ஒரு சர்ஜ் அரெஸ்டரும் டிபியில் இருந்தால் நல்லது. அரெஸ்டருக்கும் அந்த எர்த்தேதான் வழி.

உங்கள் எலக்ட்ரீஷியனை மாற்றச் சொல்லவில்லை. அரசின் வயர்மேன் சான்றிதழ் அவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் அவரே செய்யட்டும். கூடும் லோடை ஈபி ஆபீஸில் சொல்லி ஏற்றிக்கொள்ளுங்கள். வேலை முடிந்த அன்று எர்த் எத்தனை ஓம், இன்சுலேஷன் எத்தனை மெகா ஓம் என்று உங்கள் கண் முன்னால் அளந்து, ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். அந்த இரண்டு எண்களையும் தேதி போட்டு டிபி கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். அடுத்த சித்திரையில், மண் காய்ந்து கிடக்கும்போது, திரும்ப அளந்து பார்க்க அது உதவும்.