பட்டத்து இளவரசர் எம்.பி. ஆன கதை – கடிதம்

அன்புள்ள ஐயா,

வியன்னா பற்றிய உங்கள் கட்டுரையில் ஒட்டோ ஃபான் ஹாப்ஸ்பர்க் என்ற பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். தேடியபோது 2011இல் நடந்த அவருடைய இறுதி ஊர்வலக் காணொளி கிடைத்தது. பழைய ராணுவ உடை, கொடி, பாதிரியார்கள் என்று ஒரே அமர்க்களம். முடியாட்சி ஒழிந்து தொண்ணூறு வருடம் தாண்டிய நாட்டில் இதெல்லாம் எதற்கு? பரம்பரைப் பெருமையைத் தவிர அவரிடம் என்ன இருந்தது? அவர் பிள்ளைகள் இப்போது என்ன செய்கிறார்கள்?

எஸ்., சேலம்

அன்புள்ள எஸ்.,

பரம்பரையிலிருந்தே தொடங்குவோம். வரிசைப்படி எல்லாம் நடந்திருந்தால் ஒட்டோ அரியணைப் பக்கமே வந்திருக்க மாட்டார். ஹாப்ஸ்பர்க் குடும்பம் ஆண்ட ஆஸ்திரியா-ஹங்கேரியின் பேரரசர் ஃபிரான்ஸ் யோசெப்பின் ஒரே மகன் ருடால்ஃப், 1889இல் மாயர்லிங் வேட்டை மாளிகையில் காதலியோடு பிணமாகக் கிடந்தார். உரிமை பேரரசரின் தம்பி பக்கம் போனது. அவரும் 1896இல் காலமானார். தம்பியின் மூத்த மகன் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டை 1914இல் சரயேவோவில் சுட்டுக் கொன்றார்கள். பள்ளிக்கூடத்தில் முதல் உலகப் போரின் காரணங்களில் மனப்பாடம் செய்தோமே, அவர்தான். அவருக்குப் பிள்ளைகள் உண்டு. ஆனால் மனைவி சோஃபி அந்தஸ்தில் குறைந்தவர் என்பதால், பிறக்கும் பிள்ளைகளுக்கு அரியணை கிடையாது என்று கல்யாணத்துக்கு முன்பே சத்தியம் வாங்கிவிட்டார்கள். அவருக்கு அடுத்த தம்பி 1906இலேயே போய்ச் சேர்ந்திருந்தார். அந்தத் தம்பியின் மகன் கார்ல். கார்லின் மூத்த மகன் ஒட்டோ, பிறந்தது 1912இல்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அசல் ஹாப்ஸ்பர்க் ஆண்வழி 1740இலேயே முடிந்துவிட்டது. அதன் பிறகு வந்தவர்கள் எல்லாரும் அந்த வம்சத்துப் பெண் மரியா தெரேசாவுக்கும் லொரேன் பிரபு ஃபிரான்ஸ் ஸ்டீஃபனுக்கும் பிறந்த வழி. நம்மூர் கணக்கில் வீட்டோடு மாப்பிள்ளை வம்சம். பரம்பரைப் பெருமை பேசுகிறவர்கள் இதை அவ்வளவாகச் சொல்ல மாட்டார்கள்.

1916 டிசம்பரில் புடாபெஸ்டில் கார்லுக்கு முடிசூட்டினார்கள். அப்போது எடுத்த புகைப்படத்தில் அப்பா அம்மாவுக்கு நடுவே இறகு வைத்த தொப்பியோடு நான்கு வயது ஒட்டோ நிற்கிறார். இரண்டே வருடத்தில் பேரரசு சிதறியது. குடும்பத்தை நாடு கடத்தினார்கள். 1922இல் மடெய்ரா தீவில் கார்ல் நிமோனியாவில் இறந்தபோது அவருக்கு வயது 34. தாய் சீத்தாவின் வயிற்றில் எட்டாவது குழந்தை. ஒன்பது வயது ஒட்டோதான் குடும்பத்தலைவர்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இங்கிருந்துதான் பதில். ஹிட்லர் ஆஸ்திரியாவை நெருக்கிய 1938 பிப்ரவரியில், பொறுப்பை என்னிடம் கொடுங்கள், நான் எதிர்க்கிறேன் என்று பிரதமர் ஷுஷ்னிக்குக்குக் கடிதம் எழுதினார் ஒட்டோ. அவர் கொடுக்கவில்லை. அடுத்த மாதம் ஜெர்மன் படை நுழைந்தது. அந்தப் படையெடுப்புத் திட்டத்துக்கு நாஜிகள் வைத்திருந்த பெயரே 'ஒட்டோ'. 1940இல் பிரான்ஸின் போர்தோ நகரில் போர்ச்சுகல் துணைத் தூதர் சோசா மெண்டெஸ், தன் அரசின் உத்தரவை மீறி அகதிகளுக்கு விசா கொடுத்தார். அப்படித் தப்பியவர்களில் ஹாப்ஸ்பர்க் குடும்பமும் ஒன்று.

1961இல் அரியணை உரிமையைக் கைவிடுவதாக எழுதிக் கொடுத்தார். அப்படியும் ஆஸ்திரியாவுக்குள் கால் வைக்க 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வந்ததை எதிர்த்து வேலைநிறுத்தம் வேறு. அப்புறம் ஜெர்மன் குடியுரிமை வாங்கி, பவேரியா மாநிலத்தின் சிஎஸ்யு கட்சி சார்பில் 1979 முதல் 1999 வரை ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். 1988இல் அங்கே போப் பேசும்போது வட அயர்லாந்தின் புராட்டஸ்டன்ட் தலைவர் இயன் பெய்ஸ்லி எழுந்து கூச்சல் போட, அவர் கையிலிருந்த பதாகையைப் பிடுங்கப் பாய்ந்தவர்களில் 75 வயது ஒட்டோவும் ஒருவர்!

என் கணக்கில் அவர் வாழ்க்கையின் முக்கியமான நாள் 1989 ஆகஸ்ட் 19. ஹங்கேரியின் ஷொப்ரோன் ஊருக்கு அருகே, ஆஸ்திரிய எல்லையில் ஒரு பிக்னிக். புரவலர்கள் இருவர்: ஹங்கேரி அமைச்சர் இம்ரே பொஷ்கய், ஒட்டோ. எல்லையில் ஒரு பழைய மரக் கதவை அடையாளத்துக்காகச் சில மணி நேரம் திறந்து வைப்பதாக ஏற்பாடு. ஹங்கேரியில் விடுமுறைக்கு வந்திருந்த கிழக்கு ஜெர்மானியர்கள் கையில் துண்டுப் பிரசுரம் போய்ச் சேர்ந்திருந்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். 600 பேருக்கு மேல் அன்று மேற்கே போனார்கள். காவலர்கள் சுடவில்லை. ஒட்டோ நேரில் வரவில்லை, மகள் வால்புர்காவை அனுப்பியிருந்தார். கிழக்கு ஜெர்மனியின் தலைவர் ஹோனெக்கர் பழியை நேராக ஹாப்ஸ்பர்க் மீது போட்டார். மூன்று மாதத்தில் பெர்லின் சுவரும் திறந்தது.

இதை ஒரு சாதாரண எம்.பி. செய்திருக்க முடியுமா? கஷ்டம். புடாபெஸ்டில் அந்தப் பெயருக்கு இன்னும் மதிப்பிருந்தது. ஹங்கேரி மொழியும் அவருக்குச் சின்ன வயதிலேயே பாடம். பரம்பரை கொடுத்த மூலதனம் அதுதான். அரியணையை விட்ட பிறகுதான் அது செலாவணியானது. அதற்காக அவரை மகானாக்க வேண்டாம். 2008இல், ஹிட்லரின் பலியாள் என்று சொல்லிக்கொள்ள ஆஸ்திரியாவை விட அதிக உரிமையுள்ள நாடு ஐரோப்பாவில் இல்லை என்று பேசினார். தெருவில் திரண்டு ஹிட்லரை வரவேற்ற கூட்டத்தை மறந்த பேச்சு அது. என்னால் ஏற்க முடியாது.

நீங்கள் பார்த்த காணொளியில், ஹாப்ஸ்பர்க் குடும்பக் கல்லறை இருக்கும் கப்புச்சின் தேவாலயத்தின் கதவருகே சற்று நிறுத்திப் பாருங்கள். தடியால் மூன்று தட்டு. உள்ளே வர விரும்புவது யார் என்று துறவி கேட்கிறார். ஆஸ்திரிய ஒட்டோ, முன்னாள் பட்டத்து இளவரசர், ஹங்கேரி, பொஹேமியா, டல்மாஷியா என்று பட்டங்கள் நீள்கின்றன. நடுவில் அவுஷ்விட்ஸ் பிரபு என்ற பட்டமும் வருகிறது. அது பழைய சிற்றரசின் பெயர்தான், ஆனாலும் கேட்கும்போது திக்கென்றது. "எங்களுக்கு அவரைத் தெரியாது." மறுபடி தட்டு. இப்போது முனைவர் பட்டம், எம்.பி. பதவி. அப்போதும் தெரியாது. மூன்றாம் முறை, "ஒட்டோ, சாகப் பிறந்த, பாவியான ஒரு மனிதன்" என்றதும் கதவு திறக்கிறது. தாய் சீத்தாவுக்கும் 1989இல் இதே சடங்கு. ஒட்டோவின் இதயத்தை மட்டும் ஹங்கேரியின் பன்னோன்ஹல்மா மடத்தில் அடக்கம் செய்தார்கள். அவருக்குப் பாடம் சொன்ன துறவிகள் அந்த மடத்தைச் சேர்ந்தவர்கள்.

பிள்ளைகள் ஏழு பேர். வால்புர்கா ஸ்வீடன் நாடாளுமன்றத்தில் இருந்தார். இளைய மகன் கியோர்க் பாரிஸில் ஹங்கேரியின் தூதராகப் போனார். மூத்த மகன் கார்ல் இப்போது குடும்பத்தலைவர், வசிப்பது ஆஸ்திரியாவில். அங்கே பிரபுப் பட்டங்களை 1919 சட்டம் ஒழித்துவிட்டது. பிரபுக் குலத்தைக் காட்டும் 'ஃபான்' என்ற சொல்லைப் பெயரில் போடவும் தடை. அவருடைய இணையதள முகவரியில் அது இருந்ததால் 2019இல் வழக்கு வந்தது. சட்டத்தில் உள்ள அபராதம் 20,000 குரோனென். அந்த நாணயமே இப்போது இல்லை. அதிகாரிகள் 70 யூரோ என்று ஒரு தொகையைப் போட்டார்கள். அவர் கட்டாமல் மேல்முறையீட்டுக்குப் போனார்.