லோக்கல் ஃபுட்பால் மேட்ச்சுக்கு ரெஃப்ரியா போறேன், ரெண்டாவது மேட்ச்லயே உடம்பு தளந்துடுது, எப்படி சமாளிக்கறது?

நீங்க வயசு சொல்லல, எத்தனை மேட்ச்னும் சொல்லல. ஆனா கேள்வியைப் பாத்தாலே தெரியுது, நாப்பது தாண்டியிருக்கும், வாரம் ஃபுல்லா வேற வேலை, ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு கிரவுண்டுல நிக்கணும், கமிட்டிக்காரன் "சார் ரெண்டே மேட்ச்தான்"னு கூப்ட்டுட்டு நாலு மேட்ச் ஊத வெப்பான். சரிதானா? நானும் அந்த கேஸ்தான். குடோன்ல சூப்பர்வைசர், வடசென்னை பக்கம் டோர்னமெண்ட்னா விசில் எடுத்துட்டு போயிடுவேன். சின்ன வயசுல ஆடினது, முட்டி போனப்புறம் ரெஃப்ரி எக்ஸாம் எழுதினேன், அவ்ளோதான். பெரிய ஆளுன்னு சொல்லிக்க வரல.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். டயர்டு ஆனா கால்தான் முதல்ல போகும்னு எல்லாரும் நெனைக்கறாங்க, கிடையாது, முதல்ல போறது கண்ணும் புத்தியும். கால் ஓடிட்டேதான் இருக்கும், ஆனா கவுண்டர் அட்டாக் (பந்தைப் பறிச்சு சட்டுனு எதிர்ப்பக்க கோலை நோக்கி பாயறது) போறப்போ "இது கோல் ஆகாது"ன்னு நீங்களே மனசுல முடிவு பண்ணிட்டு சென்டர் சர்க்கிள்லயே நின்னுடுவீங்க. பாக்ஸ்ல ஒருத்தன் விழுவான், நாப்பது மீட்டர் தள்ளி நின்னு பெனால்டி குடுத்தாலும் சண்டை, குடுக்காட்டியும் சண்டை. அதே ஃபவுலை பத்து மீட்டர்ல நின்னு ஊதிப் பாருங்க, ஒருத்தன் வாய் திறக்க மாட்டான். பசங்க முடிவைப் பாக்கறதில்ல, நீங்க எங்க நிக்கறீங்கன்னுதான் பாக்கறாங்க.

இப்போ என் கதை. ஒரு மே மாசம், ஃபைனல். கிரவுண்டு பேரு கமிட்டி பேரு எதுவும் சொல்ல மாட்டேன், அந்தப் பசங்க இன்னமும் எனக்கு ஃபோன் பண்றவங்கதான். காலைல ஒரு செமி ஃபைனல் ஊதியாச்சு, ஒம்போது மணிக்கு ஃபைனல்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு. சீஃப் கெஸ்ட் வரல. ரெண்டு டீமும் லைன்ல நிக்குது, நானும் கருப்பு ஜெர்சில நிக்கறேன் (மே மாசத்துல கருப்பு பாலியஸ்டர், எவன் கண்டுபிடிச்சான்னு தெரியல), மைக்ல ஒருத்தன் "இன்னும் சற்று நேரத்தில்"னு அரைமணிக்கு ஒருக்கா சொல்றான். அவர் வந்து, மாலை போட்டு, சால்வை போத்தி, ஒவ்வொருத்தன் கையா குலுக்கி, பந்தை ஒரு உதை உதைச்சு ஃபோட்டோ எடுத்து முடிக்கறப்போ மணி பன்னெண்டை நெருங்கிடுச்சு. அப்புறம் கிக் ஆஃப். அவர் மேட்ச் பாக்காம கார்ல ஏறிப் போயிட்டாரு, அது வேற.

ஹாஃப் டைம் வரைக்கும் பிரச்னை இல்ல. செகண்ட் ஹாஃப்ல பாதி போனப்போ உடம்புல ஒரு மாதிரி புல்லரிக்க ஆரம்பிச்சுது, அந்த வெயில்ல குளிருது! கையைத் தடவிப் பாத்தா வேர்வையே இல்ல, காஞ்சு உப்பு பூத்து சொரசொரன்னு இருக்கு. பந்து தெரியுது, ஆனா ஜெர்சி நம்பர் மூணா எட்டான்னு புரியல. பந்து வெளிய போனதும் விசில் ஊதி நிறுத்தினேன், லைன்ஸ்மேனா நின்ன சீனியர் ஒருத்தரைக் கூப்ட்டு விசிலையும் கார்டையும் அவர் கைல குடுத்துட்டு வெளிய நடந்தேன்.

கமிட்டி செக்ரட்டரி ஓடி வராரு, "சார் இன்னும் பதினஞ்சு நிமிஷந்தான, அட்ஜஸ்ட் பண்ணக்கூடாதா". ஆடியன்ஸ்ல ஒரு க்ரூப்பு காசு வாங்கிட்டு எறங்கிட்டான்னு கத்துது. எவன்கிட்ட காசு வாங்கினா பாதில எறங்குவான், லாஜிக்கே இல்ல. அங்க சர்பத் வண்டி போட்டிருந்த அக்காதான் ஒண்ணும் கேக்காம ஐஸ்கட்டி சுத்தி வெச்சிருந்த கோணியை அப்டியே உருவி என் கழுத்துல போட்டாங்க, மரத்தூளும் தண்ணியுமா முதுகு பூரா வழியுது, ரெண்டு அக்குள்லயும் ஐஸ் வெச்சு உக்கார வெச்சாங்க. கொஞ்ச நேரத்துல தலை தெளிஞ்சுது. சாயங்காலம் கவரைப் பிரிச்சா பாதி பேட்டாதான் இருக்கு, "மேட்ச் ஃபுல்லா ஊதலையே சார்". இன்னைக்கும் அது எனக்கு ஆறல. அதே நிலைமை வந்தா மறுபடியும் எறங்கத்தான் செய்வேன், அதுல மாத்தமில்ல.

உடனே ஒருத்தர் கமெண்ட்ல வருவாரு, ஃபிட்னஸ் இல்லாதவன் ஏன் விசில் எடுக்கறேன்னு. சார், 2022 ஜனவரில ஆப்பிரிக்கா கப்ல துனிசியா - மாலி மேட்ச் தேடிப் பாருங்க. ஜாம்பியா ரெஃப்ரி ஜானி சிகாஸ்வே, 2018 வேர்ல்டு கப்ல ஊதினவரு. கேமரூன் வெயில்ல 85வது நிமிஷத்துலயே ஃபைனல் விசில் ஊதிட்டாரு, அப்புறம் மறுபடி ஆட விட்டு, 90 ஆகறதுக்கு சில செகண்ட் முன்னாடியே திரும்பவும் முடிச்சுட்டாரு. உலகமே மீம் போட்டு சிரிச்சுது. பின்னாடிதான் தெரிஞ்சுது அவருக்கு வெயில் தாக்கிடுச்சுன்னு. அதே வருஷம் கத்தார் வேர்ல்டு கப்ல பெல்ஜியம் - கனடா மேட்ச் அவர்தான் ஊதினாரு. அவர் உடம்புக்கே அந்த கதின்னா குடோன்ல நின்னு லோடு எண்ற என் உடம்பு எந்த மூலைக்கு.

சரி, உங்களுக்கு வேண்டியதுக்கு வரேன். சனிக்கிழமை ராத்திரி தூக்கம், இதை விட்டா மீதி எதுவும் வேலைக்காவாது. காலைல நான் நீராகாரம் இல்லைன்னா இட்லி, ஹாஃப் டைம்ல உப்பு போட்ட மோர் இல்ல ஓஆர்எஸ். வெறும் தண்ணியா குடிச்சுட்டே இருந்தா வேர்வைல போன உப்பு திரும்ப வராது. ரெண்டு மேட்ச்சுக்கு நடுவுல வாழைப்பழம், கடலை மிட்டாய். கமிட்டி குடுக்கற பிரியாணியை கட்டி பைல வெச்சுக்கோங்க, தின்னுட்டு மூணாவது மேட்ச் ஊதினீங்கன்னா அவ்ளோதான். தொடை இடுக்குல தேங்கா எண்ணெய், இதை யாரும் சொல்லித் தர மாட்டாங்க. விசிலை வாயிலயே கடிச்சுட்டு ஓடாதீங்க, கைல வெச்சுக்கோங்க, மூச்சும் ஃப்ரீயா வரும், அவசரப்பட்டு ஊதறதும் குறையும்.

பிராக்டீஸுக்கு சும்மா பீச்சுல ஜாகிங் போறது பத்தாது. ஃபிஃபா ரெஃப்ரிங்களுக்கு வெக்கற டெஸ்ட்ல 75 மீட்டர் 15 செகண்ட்ல ஓடணும், அப்புறம் 25 மீட்டர் 18 செகண்ட்ல நடக்கணும், அப்டியே 40 தடவை, மொத்தம் 4 கிலோமீட்டர். நமக்கு அவ்ளோ வேணாம். கிரவுண்டுல முக்கால்வாசி ஓடி கால்வாசி நடந்து, ஒரு பத்து தடவைல ஆரம்பிங்க. மேட்ச்ல ஓட்டமே அப்டித்தான், விட்டு விட்டு. மூலைக்கு மூலை குறுக்கா ஓடற லைனை விடாதீங்க, பந்து பின்னாடியே போனா நாய் வண்டி துரத்தற மாதிரிதான். கோல்கீப்பர் உதைக்கறதுக்கு முன்னாடியே எந்தப் பக்கம் பாக்கறான்னு பாத்து நகர ஆரம்பிச்சா பாதி ஓட்டம் மிச்சம். இதெல்லாம் ஒழுங்கான லைன்ஸ்மேன் இருந்தாத்தான். டீமுக்கு ஒருத்தன்னு கொடி குடுத்தா அவன் சொந்த டீம் ஆஃப்சைடுக்கு தூக்கவே மாட்டான், அதையும் சேத்து நீங்களே ஓடணும்.

வெயில் ஜாஸ்தின்னா ஹாஃபுக்கு ஒரு கூலிங் பிரேக் விடுங்க, போட்டி விதில சேத்துக்கிட்டா ஒன்றரை நிமிஷத்துலேந்து மூணு நிமிஷம் வரைக்கும் விடலாம், போன டைமை கடைசில கூட்டிக்கலாம். மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு கேப்டனையும் கமிட்டியையும் வெச்சு பேசிடுங்க, நடுவுல போய் கேட்டா டைம் வேஸ்ட் பண்றாங்கன்னு கத்துவாங்க.

இன்னொன்னு, சம்பந்தமில்லைன்னு நெனைச்சா தாண்டிப் போயிடுங்க. இப்போ எங்க பாத்தாலும் டர்ஃப், அதாவது பிளாஸ்டிக் புல்லு போட்ட வாடகை கிரவுண்டு. மண் கிரவுண்டுல வேலி போட்டு பூட்டிடறாங்க, இல்ல பொருட்காட்சி போட்டு குழி தோண்டி விட்டுடறாங்க, பசங்க மணிக்கணக்குல வாடகை குடுத்து கூண்டுக்குள்ள ஆடணும். வியாசர்பாடி மாதிரி ஏரியால செருப்பைக் கழட்டி கோல் போஸ்ட் வெச்சு ஆடி வந்தவனுங்கதான் மாநில டீம் வரைக்கும் போனானுங்க, வாடகைன்னா அவனுங்க எங்க போவானுங்க? அந்த பிளாஸ்டிக் புல்லு மத்தியானத்துல மண்ணை விட சூடு, ஷூ வழியா பாதம் வேகுது, அதுல ரெண்டு மேட்ச் ஊதிட்டு வந்தா உள்ளங்கால் பூரா கொப்புளம். கேட்டா இண்டர்நேஷனல் ஸ்டாண்டர்டுன்றான்.

நீங்க அடுத்த வாரத்துலேந்து ரெண்டு மேட்ச்தான்னு ஃபோன்லயே சொல்லிடுங்க, மூணாவதுக்கு வேற ரெஃப்ரி பாக்கச் சொல்லுங்க, கோச்சுக்கிட்டா கோச்சுக்கட்டும். பேட்டாவை மட்டும் கிக் ஆஃபுக்கு முன்னாடியே வாங்கிடுங்க.