வெளிநாட்டில் தன்னார்வ ஆங்கில ஆசிரியர், முதல் வாரம்: கேள்வி பதில்

பயணப்பை: மேடம், அடுத்த மாசம் கிளம்புறேன். வகுப்புல அறுபது பிள்ளைகளாம், பாடப்புத்தகம் கிடையாதாம். முதல் நாள் 45 நிமிஷம் என்ன செய்யறது?

பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று கண்டுபிடியுங்கள். அன்றைக்கு வேறு வேலை இல்லை. பலகையில் உங்களைப் பற்றி ஐந்து விடைகளை மட்டும் எழுதுங்கள்: ஓர் எண், ஓர் ஊர், ஒரு பெயர், ஓர் உணவு, ஒரு தொழில். ‘27’ என்று இருந்தால் அதற்கான கேள்வியைப் பிள்ளைகள் உருவாக்க வேண்டும். ‘ஹவ் ஓல்ட் ஆர் யூ?’ என்று வந்தால் ஒரு நிலை, ‘யூ ஏஜ்?’ என்று வந்தால் வேறு நிலை. ஒன்றுமே வராவிட்டால் அதுவும் தகவல்தான். இதற்குப் பத்து நிமிடம்.

பிறகு அதே கேள்விகளை இருவர் இருவராகக் கேட்டுக்கொள்ளட்டும். பெஞ்சை நகர்த்த முடியாவிட்டால் முன்வரிசை பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தால் போதும். ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டால், ஆளுக்கு அரை நிமிடம் என்றாலும் அறுபது பேருக்கு முப்பது நிமிடம். ஒருவர் பேச 59 பேர் சும்மா இருப்பார்கள். ஜோடியாக விட்டால் எந்த நேரமும் முப்பது வாய் பேசும். சத்தம் வரும், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நிறுத்துவதற்கு ஒரு சைகையை, உதாரணமாகக் கையை உயர்த்துவதை, இரண்டு மூன்று முறை பழக்கிவிட்டுத்தான் ஜோடிப் பேச்சைத் தொடங்க வேண்டும். கத்தி நிறுத்துகிறவர்களுக்கு வார இறுதிக்குள் தொண்டை கட்டிவிடும்.

கடைசி ஐந்து நிமிடம், துண்டுத் தாளில் தங்களைப் பற்றி மூன்று வாக்கியம் எழுதி வாங்குங்கள். பிள்ளைகளின் ஆங்கிலம் ‘இடைநிலை’ என்று பள்ளி சொல்லியிருக்கும். உண்மை அந்தத் தாள்களில் இருக்கும்.

எதைச் செய்தாலும் ‘டூ யூ அண்டர்ஸ்டாண்ட்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘எஸ் டீச்சர்’ என்று மொத்த வகுப்பும் பாடும்.

சாக்பீஸ்: அப்படிக் கேட்காம, புரிஞ்சதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பொருளைச் சின்னக் கேள்விகளாக உடையுங்கள். ‘ஹி யூஸ்டு டு ஸ்மோக்’ என்ற வாக்கியத்துக்கு: இப்போது புகைக்கிறாரா? முன்பு புகைத்தாரா? ஒரு தடவையா, பல தடவையா? விடைகள் இல்லை, ஆமாம், பல தடவை என்று வந்தால் புரிந்திருக்கிறது. கேள்விக்குள் ‘யூஸ்டு டு’ மறுபடி வரக்கூடாது. இந்தக் கேள்விகளை வகுப்புக்கு முந்தின நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நின்ற இடத்தில் தோன்றாது. செய்முறை சொல்லும்போதும் இப்படித்தான்: ‘எழுதணுமா, பேசணுமா? தனியாவா, ஜோடியாவா?’

அலைகடல்: சம்பளம் இல்லையே, டூரிஸ்ட் விசா போதும்தானே?

சம்பளம் வாங்காத வேலையையும் வேலையாகவே பார்க்கும் நாடுகள் உண்டு. அந்த நாட்டுத் தூதரகத்திடம் கேளுங்கள். ‘எல்லாரும் இப்படித்தான் வர்றாங்க’ என்று அழைப்பவர் சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லிப் பாருங்கள்.

குட்டிநிலா: அனாதை இல்லத்துல ரெண்டு வாரம் இங்கிலீஷ் சொல்லித்தரலாம்னு இருக்கேன்.

வேண்டாம். வெளிநாட்டார் வந்தால் நன்கொடை வரும் என்பதற்காக, பெற்றோர் உயிரோடு இருக்கும் பிள்ளைகளையும் கொண்டுவந்து சேர்க்கும் இல்லங்கள் உண்டு. அதனால்தான் 2019-இல் ஐ.நா. பொதுச்சபையின் குழந்தை உரிமைத் தீர்மானம் இந்தத் தன்னார்வச் சுற்றுலாவைக் குறிப்பிட்டே எச்சரித்தது. பள்ளிக்குப் போங்கள். அங்கேயும் போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்காமல் உங்களைச் சேர்த்துக்கொண்டால் யோசியுங்கள். உங்களைச் சரிபார்க்காதவர்கள் வேறு யாரையும் சரிபார்த்திருக்க மாட்டார்கள்.

புதுமுகம்: முதல் நாள் என்ன பாடம் எடுக்கலாம் மேடம்?

முதல் பதில்.

இலக்கணப்புலி: ஒரு விஷயம் விட்டுட்டீங்க. வகுப்புக்குள்ள அவங்க தாய்மொழி ஒரு சொல்கூட வரக்கூடாது. ஆங்கிலத்தை ஆங்கிலத்துலயேதான் கத்துக்கணும்.

விட்டது தெரிந்தேதான். 1961-இல் உகாண்டாவின் மகெரேரேயில் ஆங்கிலம் கற்பித்தல் பற்றி நடந்த காமன்வெல்த் மாநாட்டோடு சேர்த்துப் பேசப்படும் விதி இது. 1992-இல் மொழியியலாளர் ராபர்ட் பிலிப்சன் இதை ஒரு மாயை என்றே பட்டியலிட்டார். ‘ஆல்தோ’வை (although, ‘இருந்தாலும்’) ஆங்கிலத்தில் விளக்க ஐந்து நிமிடம் போகும், பாதிப் பேர் தப்பாகப் புரிந்துகொள்வார்கள். அவர்கள் மொழியில் ஒரே சொல்லில் முடிந்துவிடும். மிஞ்சிய நேரத்தில் அதை வைத்துப் பத்து வாக்கியம் பேசலாம்.

இலக்கணப்புலி: போற ஆசிரியருக்கு அந்த மொழியே தெரியாதே!

தெரிய வேண்டியதில்லை. ‘உங்க மொழியில எப்படிச் சொல்வீங்க?’ என்று மூன்று பேரிடம் கேளுங்கள். மூவரும் ஒரே சொல்லைச் சொன்னால் மேலே போகலாம். ஆளுக்கொன்று சொன்னால் மறுபடி விளக்குங்கள்.

மணிமேடை: எங்க உதவி ஆசிரியர் நான் சொல்ற ஒவ்வொரு வரியையும் உடனே மொழிபெயர்த்துடறாரே?

இங்கே இலக்கணப்புலி பக்கம் நியாயம் இருக்கிறது. மொழிபெயர்ப்பு எப்படியும் வரும் என்று தெரிந்தால் பிள்ளைகள் ஆங்கிலத்தைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அவரை வகுப்பில் வைத்துத் திருத்தாதீர்கள், அவர் மரியாதை போய்விடும். முன்னாடியே உட்கார்ந்து பேசி மூன்று இடங்களை ஒதுக்குங்கள்: வகுப்பு விதிகள், சிக்கலான விளையாட்டின் செய்முறை, ‘ஆல்தோ’ போன்ற சொற்கள். மற்ற இடங்களில் உங்கள் சைகை வரும்வரை அவர் காத்திருக்கட்டும்.

இலக்கணப்புலி: அப்ப பாதி ஒத்துக்கிட்டீங்க.

பாதி மட்டும். ‘ஒரு சொல்கூட’ என்பதைத்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

வெண்பலகை: நீளமான வாக்கியத்தைத் திரும்பச் சொல்லும்போது நடுவுல திக்குறாங்க.

கடைசியிலிருந்து கட்டுங்கள்: ‘த மார்க்கெட்’, ‘டு த மார்க்கெட்’, ‘கோயிங் டு த மார்க்கெட்’, ‘ஐம் கோயிங் டு த மார்க்கெட்’. முன்னாலிருந்து கட்டினால் வாக்கியத்தின் இறுதி இழுவையாகிவிடும். முதலில் வகுப்பே சேர்ந்து, அப்புறம் வரிசை வரிசையாக, பிறகு தனித்தனியாக. ஒரு வாக்கியத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

தேர்வாளி: ஐஈஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வுக்கு டிப்ஸ்?

என் துறை இல்லை.

மூன்றாம்வரிசை: முதல் நாள், பெரியவங்க வகுப்பு. என்ன செய்யலாம்? நான் பேசுறது புரியுதான்னு நடுநடுவுல கேட்டுக்கலாம்ல?

கேட்கக்கூடாது. இரண்டாவது பதிலைப் படியுங்கள். பாடத்துக்கு அதே ஐந்து விடைகள்தான், ஆனால் வயதை எடுத்துவிடுங்கள். சம்பளம், கல்யாணம் பக்கமும் போக வேண்டாம். பெரியவர்கள் எல்லார் முன்னாலும் தப்பு செய்யக் கூசுவார்கள், அதனால் ஜோடிப் பேச்சை முதலிலேயே வையுங்கள். கேட்ட தப்புகளைக் குறித்துவைத்து, யார் சொன்னது என்று சொல்லாமல் கடைசியில் பலகையில் எழுதித் திருத்துங்கள்.

சிற்றெறும்பு: பெட்டியில என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

மார்க்கரா சாக்பீஸா என்று முதலில் பள்ளியிடம் கேளுங்கள். உங்கள் வீடு, தெரு, குடும்பத்தின் அச்சிட்ட படங்கள் பத்து, கடைசி பெஞ்சுக்குத் தெரியும் அளவில். பகடை நான்கு. மின்சாரம் இல்லாமலே நடத்தக்கூடிய பாடம் மூன்று, காகிதத்தில் எழுதியது.