ராணி போன பெட்டி: பெங்களூர் மாடித் தேனீக்காரர்களுக்குப் பதில்கள்

எல்லாக் கேள்வியும் நம்ம அடுக்குத் தேனீ, அதாவது பெட்டியில வளர்க்கிற இந்தியத் தேனீ பற்றித்தான். மழை விட்டால் போதும், வரிசையா வந்துடும்.

ஜெயநகர்: அண்ணா, மூணு தடவை திறந்து பார்த்துட்டேன், ராணி கண்ணுல படலை. போயிடுச்சா?

ராணியைத் தேடாதீங்க, முட்டையைத் தேடுங்க. வெயிலுக்கு முதுகு காட்டி நின்னு, மெழுகு அடை கட்டின சட்டத்தைச் சாய்ச்சுப் பிடிங்க. அறைக்கு ஒண்ணா, அடியில குருணை மாதிரி தெரிஞ்சா கவலை வேண்டாம். முட்டை மூணு நாளில் பொரிஞ்சிடும். அதனால மூணு நாள் முன்னாடி வரைக்குமாவது ராணி இருந்திருக்கு.

கே.ஆர்.புரம்: முட்டையும் இல்லை, புழுவும் இல்லை. ராணி வாங்கிப் போடட்டுமா?

அவசரப்படாதீங்க. தெரிஞ்சவங்க பெட்டியிலிருந்து முட்டையும் பொடிப்புழுவும் உள்ள ஒரு அடை வாங்கிக் கட்டுங்க. வேலைக்காரியாகப் போற அதே புழுவுக்கு அரசப்பாலை (இளம் வேலைக்காரத் தேனீக்கள் சுரக்கிற சத்துணவு) விடாம ஊட்டினா ராணி. மூணு நாளைத் தாண்டின புழு சரிப்படாது. ராணி வெளியே வந்து, பறந்து இணைஞ்சு, முட்டை வைக்க மொத்தம் ஒரு மாசம் ஆகலாம். அதுவரை பெட்டியை நோண்டாதீங்க. நான் ஒரு தடவை ஆர்வக்கோளாறில் திறந்தேன். கன்னி ராணி விருட்டுன்னு பறந்தது, திரும்பவே இல்லை.

ஒயிட்ஃபீல்ட்: இத்தாலியன் ராணி போடலாமா சார்?

கூடாது. அது ஐரோப்பியத் தேனீ, வேற இனம்.

ஃப்ரேசர் டவுன்: ஒரே அறையில நாலஞ்சு முட்டை இருக்கே அண்ணா, நல்லதுதானே?

இல்லைம்மா. வேலைக்காரத் தேனீக்களே முட்டை வைக்க ஆரம்பிச்சிடுச்சு. இணையாம வைக்கிற முட்டை, அதனால எல்லாம் ஆண்தான்: ராணிக்கு 32 குரோமோசோம், ஆணுக்கு 16. ஆண் அறை மூடி மேடா இருக்கும், நடுவுல ஊசி குத்தின மாதிரி துளை. இத்தாலியனைவிட நம்ம தேனீ இந்த நிலைக்குச் சீக்கிரம் போயிடும். புது ராணியை விட்டா பெரும்பாலும் கொன்னுடும். நடுவுல செய்தித்தாள் வெச்சு, ராணி உள்ள பலமான பெட்டியோட சேர்த்துடுங்க. ஒரு பெட்டி போச்சேன்னு வருத்தம்தான்.

மல்லேஸ்வரம்: புது ராணி பழைய ராணியோட மகள்தானே, இப்போ ஏன் இப்படிக் கொட்டுது?

அம்மா வழி சரி, அப்பாக்கள் யாரு? ராணி வானத்துல பத்துக்கும் மேற்பட்ட ஆண்களோட இணையும். அந்த வட்டாரத்து ஆண்களோட குணம் பெட்டிக்குள்ள வரும். ஆண் தேனீக்கு அப்பாவே கிடையாது, ஆனா தாத்தா உண்டு. ஜாதகம் எழுதுறவர் திணறிப் போவார். ஜெர்சான் என்ற பாதிரியார் 1845லேயே இதைச் சொன்னார்.

அல்சூர்: முட்டை நிறைய வைக்குது, ஆனா அடை முழுக்கப் பொத்தல் பொத்தலா இருக்கு.

பக்கத்துல வேற பெட்டி இல்லைன்னா உறவுக்குள்ளேயே இணைஞ்சிருக்கலாம். ஆணா பெண்ணான்னு நிர்ணயிக்கிற மரபணு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி அமைஞ்சா, கருவுற்ற முட்டையும் ஆணாயிடும். அந்தப் புழுவை வேலைக்காரத் தேனீக்கள் தின்னுடும். உறவில்லாத புது ராணி வளர்க்க வெளியூர் அடை நல்லது, ஆனா பார்த்து வாங்குங்க: 1991 வாக்கில் வந்த பைப்புழு நோய் தென்னிந்தியாவில் பெட்டி பெட்டியா அழிச்சது. இடுக்கியால ஒரு புழுவைத் தூக்கிப் பாருங்க. தண்ணி நிரம்பின பை மாதிரி தொங்கினா, அந்த அடை வேண்டாம்.