மகளின் பேச்சுப் போட்டிக்கு: இலங்கையின் அதியுயர் விருது எது?

வணக்கம் அக்கா. மகளின் பேச்சில் "தேசமான்யவே நாட்டின் அதியுயர் விருது" என்று எழுதியிருக்க, ஆசிரியை சிவப்புப் பேனையால் சுழித்துவிட்டார், எது சரி என்று கேட்டிருந்தீர்கள். ஆசிரியை சொன்னதுதான் சரி. தேசமான்ய இரண்டாவது. அதற்கும் மேலே ஸ்ரீ லங்காபிமான்ய இருக்கிறது. 1986இல் தொடங்கியது, ஜனாதிபதி வழங்குவது. உயிரோடிருப்பவர்களில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அதை வைத்திருக்க முடியாது. பிள்ளை இதைக் கட்டாயம் சொல்லட்டும், சபை நிமிர்ந்து உட்காரும்.

அப்புறம், திருகோணமலைப் பிள்ளை பேசுவதென்றால் ஆர்தர் சி. கிளார்க்கை விடவே கூடாது. 2005இல் இந்த விருதைப் பெற்றவர். இங்கிலாந்தில் பிறந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர், 1956இல் இலங்கைக்கு வந்து கடைசிவரை இங்கேயே வாழ்ந்தார். அவரும் நண்பர் மைக் வில்சனும் நம் கோணேசர் கோயில் மலையடிக் கடலில் சுழியோடியவர்கள். போர்த்துக்கீசர் இடித்த பழைய கோயிலின் செதுக்கிய கற்களும் தூண்களும் அங்கே தண்ணீருக்கடியில் கிடந்ததை உலகுக்குச் சொன்னவர்கள்.

ஞாயிறு பின்னேரம் மகளைக் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள். அங்குள்ள பாறைப் பிளவான இராவணன் வெட்டுப் பக்கம் நின்று கீழே கடலைப் பார்க்கட்டும். பேச்சின் முதல் வரி அங்கேயே கிடைத்துவிடும்.