கல்யாணச் செய்தி வந்த இரவு சிடியை உடைத்த உங்கள் நண்பர்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஏப்ரலில் டோக்கியோ வந்து வேலையில் சேர்ந்திருக்கிறீர்கள், பள்ளிக்கூட நாளிலிருந்தே ஜப்பானிய கார்ட்டூனான அனிமே என்றால் உயிர், ஆபீசில் கிடைத்த ஒரே ஜப்பானிய நண்பருக்கும் அதே பித்து, சனிக்கிழமை ஆனால் இருவரும் அனிமே கடைகள் நிறைந்த அகிஹாபராவில். போன வாரம், அவர் ஏழு வருடமாகக் கொண்டாடிய குரல் நடிகை தனக்குத் திருமணம் ஆகிவிட்டது என்று அறிவித்ததும் அந்த மனிதர் உங்கள் கண்முன்னாலேயே சிடிகளை ஒவ்வொன்றாக வளைத்து உடைத்து, படம் எடுத்து, அந்தப் பெண்ணின் கணக்குக்கே அனுப்பி, நீயும் ஆங்கிலத்தில் ஏதாவது எழுது, வெளிநாட்டு ரசிகர்களுக்கும் கோபம்தான் என்று அவளுக்குத் தெரியட்டும் என்றாராம். நீங்கள் எழுதவில்லை. நல்ல காரியம் செய்தீர்கள். இப்போது, அக்கா, இங்கே எல்லாரும் இப்படித்தானா, இவரோடு இனிமேல் பழகலாமா, அனிமே பிடிக்கும் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறதே என்று கேட்கிறீர்கள்.

எல்லாரும் இப்படி இல்லை. எங்கள் ஆபீசில் ஒரு அம்மா இருக்கிறார், ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய ஓஷிக்கு, அதாவது அவர் மனதில் தூக்கி வைத்திருக்கிற குரல் நடிகருக்கு, கல்யாணம் என்று தெரிந்த அன்று மதியம் எங்கள் எல்லாருக்கும் தோராயாக்கி என்ற இனிப்பு வாங்கிக் கொடுத்தார். ரசிகர்களில் பெரும்பாலோர் அந்த அம்மாவைப் போலத்தான். சத்தம் போடாமல் மகிழ்ந்துவிட்டுப் போகிறவர்கள் நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். உங்கள் நண்பர் வேறு வகை. இங்கே அதற்குத் தனிப் பெயரே உண்டு, கச்சிகோய் என்பார்கள். ரசிகனாக இருந்து இருந்து உண்மையிலேயே காதலில் விழுந்துவிட்டவர். கோஹோகோகு என்ற சொல்லைக் கவனித்திருக்கிறீர்களா? 'ஓர் அறிவிப்பு' என்றுதான் அர்த்தம், அலுவலகக் கடிதத்தில்கூட வரும். ஆனால் ஒரு குரல் நடிகையின் பக்கத்தில் அந்தத் தலைப்பு வந்தால் இந்த ரசிகர்களுக்குக் கை நடுங்கிவிடும். உள்ளே பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: சொந்த விஷயத்தைச் சொல்வதற்கு மன்னியுங்கள், துறைக்கு வெளியே உள்ள ஒருவரைத் திருமணம் செய்துகொண்டேன், இனியும் வேலையில் உழைப்பேன், அன்போடு பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணத்தை மன்னிப்போடு ஆரம்பிக்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் மனசு வலிக்கும். தன்னடக்கமாக எழுதுவது இந்த ஊர் எழுத்து மரபு என்பது தெரியும். தெரிந்தும் வலிக்கும்.

நான் இங்கே வந்த மறுவருடம், 2010இல், குரல் நடிகை ஹிரானோ ஆயா விவகாரம் நடந்தது. 2006இல் சுசுமியா ஹருஹி என்ற அனிமே நாயகிக்குக் குரல் கொடுத்து நாடறிந்தவர் ஆனவர். ஒரு தொலைக்காட்சி அரட்டையில் தன் காதல் அனுபவங்களைப் பற்றி, எப்படிப்பட்ட ஆண்களைப் பிடிக்கும் என்பதைப் பற்றி இயல்பாகப் பேசினார். 22 வயதுப் பெண் பேசுகிற பேச்சுதான். அதற்கே கிளம்பினார்கள். அவருடைய சிடிகளை, போஸ்டர்களை உடைத்துக் கிழித்துப் படம் போட்டார்கள், உங்கள் நண்பர் செய்தாரே அதே வேலை. எனக்கு அப்போது ஜப்பானிய மொழி அரைகுறை, பக்கத்து இருக்கைக்காரர் விளக்கினார். ஹருஹிக்குக் காதலன் இல்லை, ஆகவே ஹருஹியின் குரலுக்கும் இருக்கக் கூடாது என்பதுதான் அவர்கள் கணக்கு என்றார். வரைந்த பெண்ணுக்கு வயது ஏறாது, கல்யாணம் கிடையாது, நம்மை விட்டுப் போகமாட்டாள். அவளுக்குக் குரல் கொடுக்கிறவளுக்கு வாடகை உண்டு, காய்ச்சல் வரும், அம்மாவோடு சண்டை வரும், ஒருவர் மீது ஆசை வரும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டவர்களுக்கு அந்தப் பெண் மூச்சு விட்டாலே துரோகம்.

ஆனால் தம்பி, இந்தக் குழப்பம் ரசிகர் தலையில் தானாக முளைத்தது என்று நான் நம்பவில்லை. அதை விதைத்து விற்கிறார்கள். அரை மணி நேர எபிசோடு ஒன்றுக்குப் புதிய குரல் நடிகருக்கு அடிப்படைக் கட்டணம் 15,000 யென், ஒரு வரி பேசினாலும் நூறு வரி பேசினாலும் அதேதான். அதை வைத்து இந்த ஊரில் வாழ முடியாது. அதனால் பாட வேண்டும், ஆட வேண்டும், புகைப்படப் புத்தகம் போட வேண்டும், வானொலியில் நம்மிடம் மட்டும் பேசுவதுபோலப் பேச வேண்டும். சிடிக்குள்ளே ஒரு சீட்டு வைப்பார்கள், நிகழ்ச்சிக் குலுக்கலில் சேர்வதற்கு. ஒரு சிடி வாங்கினால் ஒரு வாய்ப்பு, பத்து வாங்கினால் பத்து. உங்கள் நண்பர் உடைத்த குவியலில் ஒரே சிடி பல பிரதிகள் இருந்ததைப் பார்த்திருப்பீர்களே, காரணம் இதுதான். ஐடல்கள் என்கிற இளம் ஆடல்பாடல் நட்சத்திரங்களின் குழுக்கள் செய்து பழக்கிய வியாபாரம் இது. கை குலுக்கச் சில விநாடி, சேர்ந்து நின்று உடனடிப் படம் எடுத்துக்கொள்ள ஒரு டிக்கெட், இப்படி அருகாமையைத் துண்டு போட்டு விலை வைத்தார்கள். வாங்கியவன் ஒருநாள் மொத்தமும் என்னுடையது என்று நினைத்தால், நினைக்க வைத்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

அந்தப் பங்கு எவ்வளவு என்பதற்கு 2013 ஜனவரி ஒன்றே போதும். ஏகேபி48 என்ற பெண்கள் ஐடல் குழுவின் மினேகிஷி மினாமி ஒரு இளைஞர் வீட்டில் இரவு தங்கியதாக வார இதழ் ஒன்று எழுதியது. அந்தப் பெண், அப்போது 20 வயது, தலையை மொட்டையடித்துக்கொண்டு, அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்கிற காணொளி வெளியானது. யார் பொருளைத் திருடினாள் அவள்? காதலிக்கக் கூடாது என்று சில நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதுகின்றன. 2015இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அந்த விதியை மீறிய ஒரு முன்னாள் ஐடலை நிறுவனத்துக்கு சுமார் 6.5 லட்சம் யென் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. சில மாதம் கழித்து 2016 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் இன்னொரு நீதிபதி, இன்னொரு வழக்கில், ஒருவரோடு உறவு வைத்துக்கொள்வது மனிதர் தன் வாழ்க்கையைத் தானே தீர்மானிக்கும் சுதந்திரம் என்று சொல்லி நிறுவனத்தின் மனுவைத் தள்ளினார். இரண்டாவது செய்தியைக் காலை ரயிலில் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

நம் ஊரிலும் கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறார்களே என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். சரிதான், ஆனால் நம் ஊரில் ஹீரோவுக்குக் கல்யாணம் என்றால் ரசிகர் மன்றம் அன்னதானம் போடும். கசப்பு நடிகைகள் பக்கம்தான் பாயும், யாரோடு சுற்றுகிறாள், ஏன் விவாகரத்து என்று. அந்த அளவில் நாம் ஒன்றும் மேல் இல்லை.

இனி என் வீட்டு விஷயம். என் மகளுக்கு 14 வயது, இங்கேயே பிறந்தவள். போன வருடம் அவளுக்குப் பிடித்த குரல் நடிகர் ஒருவர் கல்யாண அறிவிப்பு வெளியிட்டார். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை, பரீட்சை பயம் என்று நினைத்துவிட்டேன். பிறகு அவள் போனில் தற்செயலாகப் பார்த்தேன், பெயரில்லாத ஒரு கணக்கிலிருந்து அந்த மனிதரின் அறிவிப்புக்குக் கீழே ஒரே ஒரு சொல். உராகிரிமோனோ. துரோகி. என் பிள்ளை எழுதியது. அடி வயிற்றில் எதுவோ செய்தது. திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டு அழுதாள், புத்தாண்டுக்குப் பெரியவர்கள் கொடுத்த காசு முழுக்க நாலு வருடமாக அவருக்குத்தானே செலவு செய்தேன் அம்மா என்று. அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் போய்விட்டது. அந்தக் காசுக்கு என்னவெல்லாம் வந்தது, எடுத்துக்கொண்டு வா என்றேன். பாட்டு வந்தது, படம் வந்தது, அவள் தம்பி ஆஸ்பத்திரியில் இருந்த மாதம் ராத்திரி ராத்திரி கேட்ட குரல் வந்தது. கட்டில் முழுக்கப் பரப்பி வைத்தாள். இதில் எதையாவது அவர் திருப்பிக் கேட்டாரா என்றேன். இல்லை என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று இரவே அந்தச் சொல்லை அவளாகவே நீக்கினாள். சிடி எல்லாம் இன்னும் அவள் அலமாரியில்தான் இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், உங்கள் நண்பரின் துக்கம் உண்மையானது. தனி அறை, பதினோரு மணிக்கு வீடு திரும்புகிற வேலை, பேச ஆள் இல்லாத வாரக் கடைசி, அதில் ஒரு குரல் மட்டும் துணை. அதை இழந்ததுபோல அவருக்கு இருக்கும். அழட்டும், குடிக்கட்டும், இனிமேல் சிடி வாங்காமல் இருக்கட்டும், எல்லாம் அவர் உரிமை. உடைத்த படத்தை அந்தப் பெண்ணுக்கே அனுப்பியதில்தான் எல்லை தாண்டிவிட்டார். அனுப்பியவருக்கு அது ஒரு படம். வாங்குகிறவளுக்கு அதைப்போல எத்தனையோ, எல்லாம் ஒரே இரவில், அதில் எது வெறும் அழுகை, எது நாளைக்கு வாசலில் வந்து நிற்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள். 2014 மே மாதம் வட ஜப்பானின் இவாத்தேயில் கை குலுக்கும் நிகழ்ச்சியில் ஒருவன் ரம்பத்தோடு பாய்ந்து ஏகேபி48 பெண்கள் இருவரையும் ஓர் ஊழியரையும் வெட்டினான். 2016 மே மாதம் டோக்கியோவின் கோகனேயில் 20 வயதுப் பாடகி ஒருவரை நிகழ்ச்சி அரங்கத்துக்கு வெளியே ஒருவன் பல தடவை குத்தினான். அவன் அனுப்பிய கைக்கடிகாரத்தை அவர் திருப்பி அனுப்பியிருந்தார். அந்த ஆத்திரம். முன்கூட்டியே போலீசிடம் போயிருந்தார், எதுவும் நடக்கவில்லை. உயிர் பிழைத்தார், அவனுக்கு 14 ஆண்டு 6 மாதம் தண்டனை. 2019இல் இன்னொருவன் ஓர் ஐடலின் செல்ஃபியைப் பெரிதாக்கி, அவள் கண்மணியில் தெரிந்த ரயில் நிலையத்தைத் தெருப்படங்களோடு ஒப்பிட்டு அடையாளம் கண்டு, வீடு வரை பின்தொடர்ந்து தாக்கினான். கண்ணுக்குள் தெரிந்த பிரதிபலிப்பு, தம்பி. அதைப் படித்த பிறகு என் மகள் படங்களை நான் எங்கேயும் போடுவதில்லை.

சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. பின்தொடர்தல் தடுப்புச் சட்டம் 2000இலிருந்தே உண்டு. காதல் உணர்வு, அல்லது அது நிறைவேறாததால் வந்த வன்மம் என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது, கச்சிகோய் ரசிகருக்கு அப்படியே பொருந்தும். கோகனே சம்பவத்துக்குப் பிறகு 2016 டிசம்பரில் திருத்தி, சமூக வலைத்தளத்தில் விடாமல் அனுப்பும் செய்திகளையும் சேர்த்தார்கள். 2020இல் மல்யுத்த வீராங்கனை கிமுரா ஹனா இணைய வசவு தாங்காமல் 22 வயதில் உயிரை விட்டார். அவரைத் திட்டியவர்களில் சிலருக்குக் கிடைத்தது வெறும் 9,000 யென் அபராதம். அதன் பிறகு 2022இல் அவமதிப்புக் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 3 லட்சம் யென் வரை அபராதம் என்று கூட்டினார்கள். எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்கும் நீதிமன்ற நடைமுறையும் எளிதாகியிருக்கிறது. உங்களைப்போல விசாவில் இருப்பவர் இதில் மாட்டினால் புதுப்பிக்கும்போது சிக்கல் வரலாம், ஆங்கிலத்தில் எழுதினேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

மனநிலையும் மெல்ல மாறுகிறது. 2020 ஜூலையில் ஹனசாவா கனாவும் ஓனோ கென்ஷோவும் திருமணத்தை அறிவித்தார்கள், இருவருமே குரல் நடிகர்கள், பழகுவதாக 2017லேயே செய்தி வந்திருந்தது. அதே மாதம் குரல் நடிகையும் பாடகியுமான மிசுகி நானாவும். அன்று நான் பார்த்த பக்கங்களில் வசவைவிட வாழ்த்துதான் அதிகம். நான் வந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய விஷயம். ஒருவர் உண்மையிலேயே இன்னொருவருக்குக் கெடுதல் செய்திருந்தால் ரசிகர் கேள்வி கேட்பது வேறு, அது நியாயம். கல்யாணம் கெடுதல் இல்லை.

சரி, நீங்கள் என்ன செய்வது. பழக்கத்தை வெட்டாதீர்கள், இப்போது அவரோடு இருக்கப்போவது உடைக்கச் சொல்லும் கூட்டம் மட்டும்தான். ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள், நான் எழுதமாட்டேன், நீங்களும் நீக்கிவிடுங்கள் என்று. நாலு பேர் முன்னால் சொல்லாதீர்கள், இந்த ஊரில் அது அவருக்குப் பெரிய அவமானம். நடந்து போகும்போது சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் கணவர் யார் என்று தேட ஆரம்பித்தாலோ, அடுத்த நிகழ்ச்சியில் அரங்கத்தின் பின்வாசலில் காத்திருப்போம் வா என்றாலோ போகாதீர்கள். தேமாச்சி என்று அதற்குப் பெயர், நிகழ்ச்சிகளில் தடை செய்திருப்பார்கள். எங்காவது ரயிலில் ஒரு குரல் நடிகரைப் பார்த்தாலும் இந்த நிலையத்தில் பார்த்தேன் என்று எழுதாதீர்கள், நல்ல எண்ணத்தோடு எழுதினாலும் அது யாரோ ஒருவனுக்கு முகவரி. பிடித்திருந்தால் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுங்கள், உங்கள் ஜப்பானிய மொழி தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை, எந்தக் காட்சியில் அந்தக் குரல் உங்களை நிறுத்தியது என்று எழுதுங்கள்.

அனிமே பிடிக்கும் என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம், அந்த தோராயாக்கி அம்மாவும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். நாளைக்கு வேலை முடிந்து நண்பரோடு நிலையம் வரை நடந்து பேசிப் பாருங்கள். படத்தை நீக்கினாரா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நீக்கவில்லை என்றாலும் எழுதுங்கள்.