குருகின் காலைப் பார்த்தவள்: ஒரு கவிஞரிடம் சில கேள்விகள்

கவிதை படிக்க ஆசை, ஆனால் புரிவதில்லை. எங்கே தொடங்கலாம்?

குறுந்தொகையில் தொடங்குங்கள். பெரும்பாலும் 4 முதல் 8 அடிதான். 25-ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், கபிலர் பாடியது. முதலில் உரையைப் பார்க்காமல் இரண்டு மூன்று தடவை வாய்விட்டுப் படியுங்கள்:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

பேசுகிறவள் தலைவி. தலைவன் அவளோடு கூடிய நாளில் சாட்சி யாரும் இல்லை. அவனே கள்வன். அவன் பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்கிறாள். அப்புறம் நினைவு வருகிறது: ஒரு குருகு, கொக்கு மாதிரி நீர்ப்பறவை, இருந்தது. அதுவும் ஓடும் தண்ணீரில் ஆரல் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இவ்வளவு பிடிபட்டால் போதும், உரையை அப்புறம் பார்க்கலாம்.

அதிலிருந்து இன்று எழுதுகிறவருக்கு என்ன கிடைக்கும்?

எனக்கு நிறையக் கிடைத்தது. பயமாக இருக்கிறது என்று அவள் ஓரிடத்திலும் சொல்லவில்லை. ஆனால் பறவையின் கால் தினைத்தாள் மாதிரி மெலிந்து, பசுமையாக இருந்தது வரை அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த நேரத்தில் நிமிர முடியாமல் அவள் கண் அங்கேயே நின்றிருக்கிறது என்றுதான் நான் படிக்கிறேன். 'குருகும்' என்பதில் உள்ள அந்த 'உம்'மை எடுத்துப் பாருங்கள், பாட்டே சரிந்துவிடும். உங்கள் கவிதையில் 'வலி', 'தனிமை' என்று வரும் இடங்களை அடித்துவிட்டு, அப்போது கண் எதைப் பார்த்தது என்று எழுதுங்கள்.

எனக்குக் காதல் கவிதைதான் வருகிறது. மட்டமாகப் பேசுகிறார்கள்.

கடவுள் வாழ்த்தை விட்டால் குறுந்தொகையின் 401 பாட்டும் அகப்பாட்டுதான், அதாவது காதலைப் பாடுபவை. தயங்காமல் எழுதுங்கள்.

புதுக்கவிதைக்கு யாப்பு தெரிய வேண்டுமா?

கட்டாயமில்லை. ஆனால் காது வேண்டும். 'எழுத்து' இதழ் 1959-இல் வந்து புதுக்கவிதைக்குக் களம் அமைத்தது. அதில் எழுதிய ந. பிச்சமூர்த்தியை வாய்விட்டுப் படித்தால் ஓசை கேட்கும். உரைநடையை மடக்கிப் போட்டால் அது வராது.

எழுதியதை எப்போது வெளியே காட்டலாம்?

நான் நோட்டில் எழுதி மூன்று மாதம் மூடி வைப்பேன். திறந்ததும் முதலில் கடைசி வரியை விரலால் மறைத்துப் படிப்பேன். பாதிக் கவிதைகளில் அந்த வரி தேவையே இருந்ததில்லை.